கொழும்பில பூட்டினது

இன்று காலை ஒரு டீச்சர் தன்ர காரைக் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அண்ணை, ரிமோட்டில ஸ்டார்ட் வாற சாமான் ஒண்டு பூட்டித் தர ஏலுமோ? திறப்பைப் போடாமல் கதவும் திறக்கோணும்" என்று கேட்டா. எட்டிப் பார்த்தேன். கையால் மாற்றுகிற கியர் கார். "இதுக்கு யோசிச்சுத்தான் பூட்டோணும் டீச்சர்" என்றேன். "ஏன், சண்டைக் காலத்திலயே பள்ளிமுனையில ஒருத்தர் கியர் காரில வைச்சிருந்தவராமே. எங்கட அப்பா இப்பவும் அந்தக் காரைப் பற்றித்தான் கதைப்பார்."

ஒருத்தராம்! பார்த்தாயா மச்சான், நீ நெஞ்சு வலியில் போய் இரண்டு வருசம், இன்னும் உன்ர கார்தான் ஊரில் ஓடுது. அந்தக் காருக்கு ரிமோட் பூட்டின கை ஸ்பேனரோடு அவவுக்கு முன்னாலேயே நிற்குது, அது யார் கண்ணுக்கும் தெரியுதில்லை. எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. செத்தவனோடு என்ன எரிச்சல் என்று நீ கேட்பாய். எனக்கு இருக்கு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பாதை திறந்திருந்த காலம் அது. ஒப்பந்தம் போட்டுச் சண்டை கொஞ்சம் ஓய்ந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் சூட்கேசோடு வந்து இறங்கின வருசங்கள். மற்றவர்களின் தம்பிமார் சொக்லேட்டும் சென்ட் போத்தலும் கொண்டுவந்தார்கள். கனடாவிலிருந்து வந்த உன்ர தம்பி ஒரு பெட்டி நிறைய வயரும் இரண்டு ரிமோட்டும் கொண்டுவந்தான். அங்கே குளிருக்கு, வீட்டுக்குள் இருந்தபடியே காரைச் சூடாக்குகிற சாமானாம். மன்னாரில் எங்களுக்குச் சூடு ஒன்றுதான் குறை! "விசரா, ஏசியைப் போட்டு முன்கூட்டியே குளிராக்கலாமெல்லோ" என்றாய். உனக்கு எப்பவும் ஒரு பதில் இருக்கும்.

உன்ர பழைய ஜப்பான் காருக்குள் மூன்று நாள் தலைகீழாகக் கிடந்தேன். இங்கிலிஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, ஒவ்வொரு வயராகப் பிடித்து ஒட்டினேன். ஈயம் சொட்டிப் பெருவிரல் வெந்துபோனது. கியர் காருக்கு அது ஆபத்தான சாமான். கியரில் கிடக்கிற காரை ஆளில்லாமல் ஸ்டார்ட் பண்ணினால் பாயும். அதற்காக அதைச் செய்த கொம்பனிக்காரன் சாமானுக்குள்ளேயே ஒரு காவல் வைத்திருந்தான். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே திறப்பை எடுத்து, இறங்கி, கதவைச் சாத்தி, ரிமோட்டால் பூட்டவேண்டும். அப்படிச் செய்தால்தான் அடுத்த முறை ரிமோட்டை அமத்த ஸ்டார்ட் வரும். ஒன்றைத் தவறவிட்டாலும் வராது.

ஆனால் நம்மட ஊரில் ஹேண்ட் பிரேக்கை யார் தொட்டான்? உப்புக்காற்று கேபிளைத் தின்றுவிடும். ஒருக்கால் இழுத்தால் பிறகு விடாது, சில்லு இறுகிப்போய் நிற்கும். அதனால் கார் உருளாமல் நிற்க ஃபர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டு இறங்குவதுதான் மன்னார்ப் பழக்கம். நீயும் அப்படித்தான், நானும் அப்படித்தான். உனக்காக நான் புதுக் கேபிள் போட்டேன். "இனி நியூட்ரல், ஹேண்ட் பிரேக், மறந்திடாத" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனம் மாதா கோயில் வாசலில் நின்றது. நீ படியில் நின்றபடி சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அமத்தினாய். தூரத்தில் ஆளில்லாத கார் உறுமிக்கொண்டு ஸ்டார்ட் வந்தது. அதற்குப் பக்கத்தில் நின்ற கழுதை மிரண்டு ஓடியது. ஒரு மனிசி சிலுவை அடையாளம் போட்டா. இன்னொருக்கால் அமத்தக் கதவுப் பூட்டுகள் டக்கென்று திறந்தன. "ஆர் பூட்டித் தந்தது?" என்று யாரோ கேட்டார்கள். நான் உனக்குப் பின்னால்தான் நின்றேன், பெருவிரலில் சீலைத் துண்டு சுற்றியபடி. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொழும்பில பூட்டினது" என்றாய்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ர மனிசி வேறு, "அவருக்கு எது செய்தாலும் வடிவாத்தான் அமையுது" என்று சொல்லிக்கொண்டு மீன் போட்டா. பொறாமை மச்சான், வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. உனக்குக் கார், உனக்குக் கனடாத் தம்பி, உனக்குச் சனம். எனக்கு அந்த மூன்று நாள் வேலைதான் இருந்தது. அதையும் நீ கொழும்புக்குக் கொடுத்துவிட்டாய். அடுத்த நாளே தேத்தண்ணிக் கடை, மீன் சந்தை, பஸ் நிலையம் என்று போன இடமெல்லாம், "அது நான் பூட்டினது, நான்தான் பூட்டினது" என்று சொல்லித் திரிந்தேன். பாதிப் பேர் சிரித்தார்கள்.

சில மாதம் கழித்து நீ வந்து, "மச்சான், இந்த நியூட்ரல் பூசை எனக்குச் சரிவராது. எந்த நேரமும் ஸ்டார்ட் வாற மாதிரிச் செய்து தா" என்று நச்சரித்தாய். அந்தச் சாமானில் ஒரு சின்னக் கறுத்த வயர் வளையம் இருந்தது. அதை வெட்டினால், இது தானாகக் கியர் மாறுகிற ஓட்டோ கியர் கார் என்று அது நினைத்துக்கொள்ளும். காவல் போய்விடும். நீ பழக்கதோஷத்தில் கியரில் விட்டுவிட்டு இறங்குவாய் என்று எனக்கு நல்லாகத் தெரியும். ஏலாது என்று சொல்லியிருக்கலாம். 'கொழும்பில பூட்டினவனிட்டயே போய்க் கேளன்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒருநாள் கார் ஊர் பார்க்கப் பாய்ந்து மதிலில் மோதட்டும், இவன்ர மூக்கு உடையட்டும் என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன். "கவனம்" என்றுகூடச் சொல்லவில்லை.

அது ஊர் பார்க்கப் பாயவில்லை. அந்தக் கிழமையே சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது, ஊருக்குள் நீ ரிமோட்டை அமத்தவேயில்லை. ரிமோட் என்ற சொல்லை றோட்டில் சத்தமாகச் சொல்ல ஏலாத காலம், ரிமோட் என்றால் குண்டுதான். நீ அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் வவுனியாப் பக்கம் வெளிக்கிட்டாய். வழியில் ஒரு சோதனைச் சாவடி. காரை விட்டுவிட்டு இறங்கி வரிசையில் நடந்து போகச் சொன்னார்கள். மத்தியான வெயில். திரும்பி வரும்போது கார் குளிராக இருக்கட்டும் என்று, பைக்குள் கையை விட்டு அமத்தினாய். அங்கேயும் உனக்குச் சொகுசு! கார் கியரில் கிடந்தது. ஆளில்லாமல் உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்து, மண் நிரப்பின பீப்பாய்களில் மோதி நின்றது. ஆமிக்காரர் நிலத்தில் விழுந்து படுத்தார்களாம். அந்த இடத்திலேயே உன்னைச் சுட்டிருப்பார்கள், மச்சான். சுடாமல் விட்டது மடு மாதாவின் புண்ணியம். கையைத் தூக்கச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

செய்தி பின்னேரம் பள்ளிமுனைக்கு வந்தது. நான் முதலில் உன்னை நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்தேன். இப்படிப்பட்ட சாமானைப் பூட்டினவன் யார் என்று கேட்காமல் விடுவார்களா? ஈயம் ஒட்டுகிற கருவியை விறகுக்குள் ஒளித்தேன். புத்தகத்தை அடுப்பில் போட்டேன். மனிசி பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னா, "நான்தான் நான்தானெண்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சனீங்களெல்லோ, இப்ப அடியுங்கோவன்." பதினொரு நாள், வாசலில் வாகனச் சத்தம் கேட்டால் பின்கதவால் வெளியே போய் நிற்பேன். ஒருவரும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் உன்னை விட்டார்கள். உன்ர வீட்டுக்கு ஓடி வந்தேன். மெலிந்துபோய்க் கதிரையில் இருந்தாய்.

"என்னடா முழிசுறாய்?" என்றாய். "ஆர் பூட்டினதெண்டு திருப்பித் திருப்பிக் கேட்டாங்கள். கொழும்பில பூட்டினது, கடை ஞாபகமில்லையெண்டு சொன்னனான். கோயில் வாசலில சொல்லிப் பழகின பொய்தானே, தடக்காமல் வந்தது."

"அண்டைக்கு ஏன்டா அப்பிடிச் சொன்னனீ?"

"பெருமைக்குத்தான். பள்ளிமுனையில பூட்டினதெண்டால் ஆர் மதிப்பான்?" வெட்கமில்லாமல் சிரித்தாய்.

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. அடே, உன்ர பெருமைகூட ஒருத்தனைக் காப்பாற்றுது, என்ர பொறாமை உன்னைக் கொல்லப் பார்த்தது. சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன். "மச்சான், அந்த வயரை வெட்டின நேரமே எனக்குத் தெரியும், நீ கியரில..."

"விடடா" என்றாய். "வெட்டச் சொன்னது நான். கியரில விட்டது நான். அமத்தினதும் நான். நீ என்ன செய்தனீ? தேத்தண்ணி குடி."

அதற்குப் பிறகு எத்தனை வருசம் ஒன்றாகத் திரிந்தோம், அந்தக் கதையை எடுக்க நீ ஒருநாளும் விடவில்லை. பங்குச் சுவாமியிடம் முழங்காலில் நின்று பாவசங்கீர்த்தனம் சொன்னேன், அவர் மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன், பாரம் இறங்கவில்லை. அது உன்னிடம் சொல்லவேண்டிய பாவம். உன்ர அடக்கத்தன்று சனம் றோட்டுவரை நின்று, "எவ்வளவு நல்ல மனிசன்" என்றது. அப்போதும் என்ர வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பூட்டின பெயரை நீ எனக்குத் தரவில்லை, சரி. அந்தப் பிழையையாவது எனக்கென்று விட்டிருக்கலாமேடா.