கவனக்குறைவாக இருந்தவர்

என்னங்க,

என் தம்பியின் வலது கை மெஷினில் போனதைப் பற்றி நீங்கள் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையை ஆஸ்பத்திரியில் படித்தேன். ஒரு பிழை கிடையாது. வீட்டில் 'வாடா, போடா' என்று பேசும் மச்சினனை வரிக்கு வரி 'அவர்' என்று எழுதி, வினைமுற்றையெல்லாம் மரியாதையாக முடித்திருக்கிறீர்கள். ரொம்பப் பெரிய மனசு.

அதே மரியாதையோடுதான் 'அவர் கவனக்குறைவாக இருந்தார்' என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

வேலை வேகமாக நடக்க மெஷினின் தடுப்பைக் கழற்றச் சொன்னவர் மேனேஜர். "என்னைக்காவது எவன் கையாவது போகப்போகுது" என்று சாப்பிடும்போது என்னிடம் புலம்பியது யார்? அந்த மேனேஜர் அறிக்கையில் எங்கே? 'தடுப்பு அகற்றப்பட்டிருந்தது' என்றுதான் இருக்கிறது. அதுவே கழன்று நடந்து போயிற்றா?

நான் எழுதும் மளிகைச் சீட்டில்கூடச் சொல் பார்த்துத் திருத்துகிறவராயிற்றே நீங்கள்! எனக்கு வாயில் நன்றாக வருகிறது.

தம்பி இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறான். அறிக்கையை அவன் இன்னும் படிக்கவில்லை. "மாமா எழுதினா சரியாத்தான் இருக்கும். எந்த இடத்துலக்கா போடணும்?" என்கிறான்.

நீங்களே வந்து படித்துக் காட்டுங்கள். ஒரு சொல் விடாமல், அவன் முகத்தைப் பார்த்து.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா