கால் சூப்புக்குக் கட்டம் இல்லை

திருச்சிராப்பள்ளி
8-9-63, ஞாயிறு

அன்பு மகன் தாவூதுக்கு அம்மா துஆ செய்து எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அத்தாவும் இங்கே இருக்கிறோம், அங்கே எடின்பரோ குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ, இருமல் விட்டதா. எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனா ஓடியது, பிடித்து நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கு ஒரு பொய்கூட எழுதுவதில்லை என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பயந்துவிடாதே, அத்தாவுக்கு ஒன்றுமில்லை, அவர் கீழே கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் இதைக் கடைசி வரிவரை படிக்காமல் கப்பல் கம்பெனிப் பக்கம் போய்விடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி கப்பல் என்று நீ எழுதிய கடிதம் போன மாதம் கடைசியில் வந்தது. எட்டு மாதமாக மாத்திரையும் சரியாகப் போகிறது, பத்தியமும் சரியாக இருக்கிறது, அப்படியும் அத்தாவின் இரத்தத்தில் யூரிக் ஆசிட் ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை, இனி இது சாப்பாட்டால் வருவதில்லை, சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது, படிப்பு போனால் போகிறது, நான் வந்து மெட்ராஸுக்கு அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். புரொபசர் இப்போது போனால் இடம் போய்விடும், டிசம்பர் பரீட்சை இல்லை என்று சொல்லியும் நீ கேட்கவில்லை என்பதையும் நீயே எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் உன் அத்தா என்ன செய்தார் தெரியுமா? மலைக்கோட்டைக் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார். ஜவுளிக்கடை வாசலில் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் "என் மவன் டாக்டர் வர்றான்" என்கிறார். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. உனக்காகப் புது மெத்தைகூடத் தைக்கக் கொடுத்தாயிற்று. நானும் சேர்ந்துதான் பஞ்சு பார்த்து வாங்கினேன், அந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கப்பலேறிய வருஷம்தான் அத்தாவுக்கு முதன்முதலில் பெருவிரல் வீங்கியது, நினைவிருக்கும். போர்வை பட்டால்கூடக் கத்துவார், அந்தக் காலில் செருப்பே போடமாட்டார். நீ அதற்குக் கௌட் என்று பெயர் சொல்லி எழுதினாய், இங்கே நாங்கள் வாதம் என்றோம். அப்போது உன் அத்தை கமர் ஜஹான் வந்து பார்த்துவிட்டு, "கால் நோவுக்குக் கால்தான் மருந்து, ஆட்டுக்கால் சூப்பு குடு, நாலு காலு பலமும் தம்பி காலுக்கு வந்துடும்" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஊர் உலகத்தில் யார் கால் வலி என்றாலும் அதைத்தானே கொடுக்கிறோம். கறிக்கடை ஜமால் பாய் தினமும் நாலு கால் தீய்த்துச் சுரண்டி எடுத்து வைப்பார். இரத்தம் ஊறட்டும் என்று ஒரு மண்ணீரல், ஒரு துண்டு ஈரல் நான் சேர்ப்பேன். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு எலும்பு இளகுகிற வரைக்கும் வேகவைத்து, விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு அவர் வந்ததும் வெறும் வயிற்றில் ஒரு பீங்கான் கோப்பை நிறையக் கொடுப்பேன். நாலு வருஷம் ஒரு நாள் தப்பியதில்லை. வலி கூடினால் ரெண்டு வேளை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூட எழுந்து போய்க் காய்ச்சியிருக்கிறேன்.

உன் பத்தியத் தாள் வந்ததே, ஆராய்ச்சிக்கு என்று நீ அச்சடித்து அனுப்பியது, அதை எட்டு மாதமாக நான்தான் எழுதினேன், உனக்குத் தெரியும். காலை, பகல், இரவு என்று மூன்று கட்டம். ஒரு நாள் விடாமல் எழுதினேன், இட்டிலி ரெண்டு என்றால் ரெண்டு, மோர் என்றால் மோர். கறி வேண்டாம் என்றாய், நிறுத்தினேன். பெருநாள் பிரியாணியைக்கூட அவர் வாயருகே கொண்டு போகவிடாமல் பிடுங்கினேன், அன்றைக்கு என்னோடு பேசவே இல்லை. ஆனால் சூப்பை எழுதவில்லை தாவூது. மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நீ கேட்டது சாப்பாடு. அது மருந்து. மருந்தை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? கறி வேண்டாம் என்று நீ சொன்னபோதும் சூப்பு அதற்குள் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் மாத்திரையை விழுங்குவதற்கே அந்தச் சூப்பைத்தான் கொடுத்தேன், இதைவிட என்ன சொல்ல.

ஸ்ரீரங்கத்திலிருந்து உன் சிநேகிதன் அழகிரிதான் மாதாமாதம் சைக்கிளில் வந்து பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துப்போவான். தங்கமான பிள்ளை. எட்டு மணிக்கு வருவான், கூடத்தோடு நின்றுகொள்வான், ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கமாட்டான், அவர்கள் வீட்டு ஆசாரம் அப்படி. வீட்டில் அடிக்கிற மணம் அவனுக்கு எல்லாம் ஒன்றுதான், எது குழம்பு எது சூப்பு என்று அவனுக்கு எப்படித் தெரியும், கேட்கவும் கூச்சம். "வெறும் வயித்துலதானே இருக்கார்?" என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பான். ஆமாம்ப்பா என்பேன். நான் சொன்னது பொய்யில்லை என்றுதான் நான் நினைத்தேன். போன மாதம் பதினாலாம் தேதி அவனுக்கு ஏதோ கல்யாணத்துக்கு விழுப்புரம் போகவேண்டியிருந்தது, ஆறேகாலுக்கே வந்து கதவைத் தட்டினான். அத்தா கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என்ன அது என்றான். மருந்து என்றேன். என்ன மருந்தும்மா என்றான். நானும் பெருமையாகச் சொன்னேன், நாலு கால், மண்ணீரல், ஈரல் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எத்தனை நாளாக என்று கேட்டான். நாலு வருஷம் என்றேன். "அம்மா, அந்த ஆசிட் வர்றதே இதுலேருந்துதான். மாத்திரை ஒரு பக்கம் எறைக்கறது, நீங்க ஒரு பக்கம் கொட்டிண்டே இருக்கேள்" என்றான். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது என் கதை.

உன் அத்தா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நாலு வருஷமா நீயாடி எனக்கு நோவு ஊத்திக் குடுத்தே?" அவ்வளவுதான். அதற்குமேல் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு முழுதும் நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் தொழுதுவிட்டு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார், கை தானாகக் கோப்பைக்கு நீண்டது. ரெண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். நான் அழுதுவிட்டேன். அவர்தான், "சரி சரி, அதே கோப்பையில வெந்நீர் ஊத்திக் கொண்டா, நம்ம வீட்டு டாக்டரய்யா நெறைய தண்ணி குடிக்கச் சொன்னாரு" என்றார். அன்றுமுதல் வெந்நீர்தான். ஜமால் பாய் ரெண்டு நாள் கால்களை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், மூன்றாம் நாள் என்ன கோபம் என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

அழகிரி அன்றைக்கே உனக்கு எழுதுகிறேன் என்றான். நான்தான் தடுத்தேன். மூன்று வாரம் சூப்பில்லாமல் இருக்கட்டும், மறுபடி இரத்தம் பார்த்துவிட்டு எழுதலாம், இல்லாவிட்டால் பிள்ளை இன்னும் குழம்பிப் போவான் என்றேன். அது அப்போது நியாயமான பேச்சு. நடுவில்தான் உன் கப்பல் கடிதம் வந்தது. வியாழக்கிழமை அழகிரி ரிசல்ட் கொண்டுவந்தான். ஒன்பது புள்ளி ஆறாக இருந்தது ஆறு புள்ளி ஒன்பது. சிறுநீரையும் பார்த்தானாம், அதில் ஒரு கோளாறும் இல்லை, சிறுநீரகம் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். "தாவூதுக்கு நீங்க எழுதறேளா, நான் எழுதட்டுமா?" என்றான். நானே எழுதுகிறேன் என்றேன். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் தாவூது. உன் அத்தா பிழைத்தாரே என்று அழுதேனா, நீ வரமாட்டாயே என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று, சனியும் போயிற்று. எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். ஒரு இருபது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளை கப்பலேறிவிடுவான், அப்புறம் வந்தவனை யார் திருப்பி அனுப்பப்போகிறார்கள், நாலு வருஷமாகப் பார்க்காத முகத்தைப் பார்த்துவிடலாம் என்று ஷைத்தான் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். அவன் ஓதினதில் பாதி என் குரல்தான்.

நேற்று மெத்தை தைத்து வந்தது. அதை மாடியில் விரித்துவிட்டுக் குனிந்து தட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு வருஷம் அன்பு என்று நினைத்து ஒருத்தருக்கு நோவைக் கொடுத்தாயிற்று. அது தெரியாமல் செய்தது, அல்லாஹ் மன்னிப்பான். இப்போது தெரிந்தே உன்னை வரவழைத்தால் உனக்கும் அதே சூப்பைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறேன். உன் படிப்பு போகும், நீ எழுதிக்கொண்டிருக்கிற ஆராய்ச்சியில் சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லாத மனுஷன் ஒருத்தன் திருச்சியில் இருந்தான் என்று உன் அத்தா பெயரில் ஒரு பொய் ஏறிவிடும், அதைப் படித்துவிட்டு எந்த ஊர் டாக்டரோ எவளுடைய புருஷனுக்கோ ஈரல் தின்னலாம் என்று சொல்லுவான். ஆகவே வராதே. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. பரீட்சை எழுதிவிட்டு வா. தந்தி கொடுக்கலாம் என்றுதான் அழகிரி சொன்னான், நான் வேண்டாம் என்றேன், கடல் தாண்டி வீட்டிலிருந்து தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே உன் உயிர் போய்விடும். ஏர்மெயில் எட்டு நாளில் வந்துவிடும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள்.

புரொபசரிடம் என் அம்மா செய்த தப்பு என்றே சொல், எனக்கு வெட்கமில்லை. உன் தாளிலும் தப்பிருக்கிறது, அதையும் சொல்லிவிடு. நாலாவதாக ஒரு கட்டம் போடு, மருந்து என்று. அதற்குக் கீழே டாக்டர் கொடுத்தது, வீட்டில் கொடுப்பது என்று ரெண்டாகப் பிரி. ஒவ்வொரு வீட்டிலும் என்னைப்போல ஒருத்தி இருப்பாள், அவளிடம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால் பத்தியத்தைத்தான் சொல்லுவாள், வலி வந்தால் என்ன கொடுக்கிறாய் என்று கேட்டால்தான் உள்ளதைச் சொல்லுவாள். எட்டு மாதத் தாள்களிலும் சூப்பைச் சேர்த்து மறுபடி எழுதித் தனியாக அனுப்புகிறேன், வலி கூடி ரெண்டு வேளை கொடுத்த நாட்கள்கூட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னொன்று, உன் தாத்தாவுக்கும் கடைசிக் காலத்தில் இதே விரல் வீங்கும், தாளில் வம்சம் என்று கேட்டிருந்தாயே, அதையும் நான் எழுதாமல் விட்டேன், பெரியவர்களின் நோயைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்று. இப்போது எழுதுகிறேன். நீயும் உன் இரத்தத்தைப் பார்த்துக்கொள், உனக்கு வயது இருபத்தெட்டு ஆகிறது. அங்கே ஈரல் மலிவு என்று எழுதியிருந்தாய், தொடாதே. தண்ணீர் குடி, குளிர் என்று சும்மா இருக்காதே.

இதை எழுதி முடிக்கும்போது உன் அத்தா மாடிப்படி ஏறி வந்து நின்றார். நாலு வருஷமாக அவர் இந்தப் படியை ஒருத்தர் பிடித்துக்கொள்ளாமல் ஏறினதில்லை. என்ன எழுதுகிறாய் என்றார். வராதே என்று எழுதுகிறேன் என்றேன். மெத்தையைப் பார்த்தார், வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார். அப்புறம், "ஒட்டிக் குடு, நான் போய்ப் போட்டுட்டு வர்றேன்" என்றார். ஜட்கா வண்டி கூப்பிடவா என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ச் செருப்பைத் தேடுகிறார், ரெண்டு காலுக்கும். தபாலாபீஸ் வரைக்கும் நடந்தே போகப்போகிறார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தருவானாக. தொழுகையை விடாதே, கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. அத்தா அவசரப்படுத்துகிறார், முடிக்கிறேன்.

உன்னைப் பார்க்க ஆசையோடிருக்கும் அம்மா,
ஷரீபா

மறந்துவிட்டேன். மெத்தையைச் சுருட்டி வைக்கவில்லை. விரித்தபடியே இருக்கிறது.