மடிக்குக் கணக்கில்லை

கொழும்பு
12.5.1974

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் மாக்கிறேற் மச்சாளும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். கருவாடு கிடைத்தது. பாதியை என் அறைக்காரன் தின்றுவிட்டான்.

கொம்பியூட்டரில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். ஒரு புரோகிராம் ஓடுவதற்கு மெஷினுக்குள் எவ்வளவு மெமரி, அதாவது இடம், வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லவேண்டும். என் மேலதிகாரி சிவகுரு புரோகிராமின் அளவை மட்டும் பார்க்கிறார். ஓடும்போது காந்த நாடாவிலிருந்து வரும் விபரமும் அச்சுக்குப் போகக் காத்திருக்கும் வரிகளும் அதே இடத்துக்குள்தான் இருக்கவேண்டும். கேட்டால், "அதெல்லாம் வந்து போறதுகள், கணக்கிலை சேர்க்காதையும்" என்கிறார்.

நீங்கள் ஆளேற்றி ஓட்டும் வள்ளம்தான் ஞாபகம் வந்தது. முப்பது பேருக்கு அனுமதி. ஆனால் மடியில் இருக்கிற பிள்ளைக்குக் கணக்கில்லை என்பது நம் துறை வழக்கம். போன பெருநாளுக்குச் சில மடிகளில் இரண்டு இருந்தன. இது விசர் வேலை. நிறுத்துங்கோ.

தம்பி
சில்வெஸ்ரர்

ஊர்காவற்றுறை
22.5.1974

சேசு மரி சூசை துணை

அன்பின் தம்பிக்கு,

உன் கடிதத்தை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். "உவர் இப்ப கொழும்பிலை இருந்து வள்ளம் ஓட்டுறார்" என்று சிரித்தா. விசர் வேலை என்ற இடத்தில் மட்டும் நான் வாசிப்பை நிறுத்திக்கொண்டேன்.

பிள்ளையோடு வந்த தாயைப் பார்த்து, "இறங்கு, உன்ரை பிள்ளையும் ஒரு ஆள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் அடுத்த முறை குருசுமுத்துவின் வள்ளத்தில் ஏறுவார்கள்.

வருகிற 13ஆம் திகதி அந்தோனியார் பெருநாளுக்கு நம் வள்ளத்திலேயே நெடுந்தீவு போகிறோம். மச்சாளும் பிள்ளைகள் மூவரும் வருகிறார்கள்; பிள்ளைகளுக்கு மடி இருக்கிறது. சின்னவளுக்குப் புதுச்சட்டை தைத்தாயிற்று. உனக்கு லீவு கிடைத்தால் வா. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்
யாகப்பு

கொழும்பு
3.6.1974

அண்ணை,

சிவகுரு சொன்ன அளவையே எழுதினார்கள். சம்பளக் கணக்குப் போடும் புரோகிராம் இடம் போதாமல் நடுவில் நின்றுவிட்டது. எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பத் தொடக்கினார்கள். நடுக்கடலில் உங்களுக்கு அது ஏலாது.

இப்போது சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் காலம். இது என்னைவிட உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏற்றுகிறீர்கள், அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆட்களை இறக்க முகம் இல்லையென்றால் வள்ளத்தைக் கட்டிவிடுங்கோ. அவர்கள் குருசுமுத்துவோடு போகட்டும். மச்சாளையும் பிள்ளைகளையும் போகாமல் மறியுங்கோ.

என் சொல் தடிப்புத்தான். அதற்காகப் பதில் போடாமல் விடவேண்டாம்.

சில்வெஸ்ரர்

கொழும்பு
14.6.1974

அண்ணை,

பதில் வரவில்லை. கோபமென்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இன்று காலை வானொலியில் சொன்னார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து பெருநாளுக்குப் போன வள்ளம் ஒன்று காற்றில் கவிழ்ந்ததாம். அதில் போன முப்பது பேரும் காப்பாற்றப்பட்டார்களாம். யாருடைய வள்ளமென்று சொல்லவில்லை. சிவகுரு என் தோளில் தட்டி, "எல்லாரும் தப்பிட்டினம், பிறகென்ன?" என்றார். கந்தோரில் எல்லாருக்கும் நிம்மதி.

முப்பது என்று வானொலிக்கு யார் சொன்னது, அண்ணை? நீங்களா?

நான் அடித்த தந்திக்கும் பதில் இல்லை. இரவு ரயிலுக்கு ரிக்கற் எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் எனக்கு முந்தி வராது என்று தெரியும். கை சும்மா இருக்க ஏலாமல் எழுதுகிறேன்.

தெரிந்தும் கேட்கிறேன், ரயில் வெளிக்கிடமுன் ஒரு தந்தி அடியுங்கோ. அந்த முப்பது பேரைப் பற்றி ஒன்றும் வேண்டாம். பிள்ளைகள் மூவரின் பெயரை மட்டும் அடியுங்கோ.

சில்வெஸ்ரர்