ஒய், எக்ஸில் முடியும் சொற்கள்

அயோத்தியாப்பட்டணம், 27 ஆகஸ்டு 1942, வியாழன்.

மாலையில் சப்-இன்ஸ்பெக்டர் வந்து என் சொல் நோட்டை எடுத்துப் போய்விட்டார். ஒய், எக்ஸ் என்ற இரண்டு எழுத்தில் முடியும் அபூர்வமான இங்கிலீஷ் சொற்களை அதில் சேர்த்து வந்தேன். ஆனிக்ஸ் என்றால் வரியோடிய கல். கேலிக்ஸ் என்றால் பூவைத் தாங்கும் பச்சை இதழ்கள். இந்த மாதப் போராட்டத்தில் தந்திக் கம்பி அறுத்தவர்களின் ரகசியக் குறிப்பு என்று அவருக்குச் சந்தேகம்.

"பிக்ஸ்னா என்ன வாத்தியாரே?"

"பெட்டிங்க. சர்ச்சுல அப்பம் வைக்கிற சின்னப் பெட்டி."

"அப்பமா, வெடியா?"

கூட வந்த கான்ஸ்டபிள் சிரித்தான்.

எனக்கு உதாரணம் காட்டாமல் பேச வராது. வாழப்பாடி நண்பர் கந்தசாமியின் தபால் கார்டை எடுத்து நீட்டினேன். "பாருங்க, இவரும் வாராவாரம் நாலு சொல் எழுதி அனுப்புவாருங்க. பொழுதுபோக்குத்தானுங்க." சப்-இன்ஸ்பெக்டர் அதில் கந்தசாமியின் விலாசத்தைப் படித்துவிட்டுக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கம்பி அறுத்தவர்களில் ஒருவன் கந்தசாமியின் பழைய மாணவன். பத்து நாளாக அவர் வீட்டுப் பரணில்தான் இருக்கிறான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நீட்டினேன்.

கடைசி பஸ் போய்விட்டது. காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தால் போலீஸ் மோட்டார் முந்திவிடும். இப்போதே நடந்தால் விடிவதற்குள் வாழப்பாடி சேர்ந்து கந்தசாமியை எச்சரிக்கலாம். கைத்தடியை எடுத்து வைத்துவிட்டேன். கதவைத் திறக்கத்தான் பயமாக இருக்கிறது.