வலது காலை ஊன்றாதவன்

பெரியவன் அம்மாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல டிரைவர் தம்பி எழுதுகிறான். நான் சுகம். உன் மூச்சிரைப்பு தணிந்ததா?

அறையில் பையன்கள் வாராவாரம் கைப்பேசியில் நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் கால்பந்து அணி கட்டி விளையாடுகிறார்கள்; பொறுக்கியவன் நிஜ ஆட்டத்தில் நன்றாக ஆடினால் இவர்களுக்குப் புள்ளி. யாருக்கு எப்போது அடிபட்டது என்பது எனக்கு மறக்காது. அதனால் என்னைக் கேட்டுத்தான் ஆளை எடுப்பார்கள். போன வாரம் ஒரு ஆட்டக்காரனைக் காட்டி, "இவன் வேணாம்டா. முன்னாடி ஓடுறவனைப் பின்னாடி நிறுத்திட்டாங்க, வலது காலை ஊனவே மாட்டேங்கிறான்" என்றேன். "டாக்டரே ஆடலாம்னு விட்டுட்டாரு, பெருசு விடமாட்டேங்குது" என்று சிரித்தார்கள். அவன் பாதி ஆட்டத்தில் வெளியேறினான்.

மறுநாள் கிடங்கில் மூட்டையோடு சறுக்கிவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கால் கொஞ்சம் வீக்கம். மேஸ்திரி என்னை வாசல் காவலில் உட்காரவைத்திருக்கிறார். "பெருசையும் பின்னாடி நிறுத்திட்டாங்கடா!" என்று பையன்களுக்கு ஒரே கேலி. திங்கட்கிழமை அவர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். நொண்டினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் உன் மருந்துக்கு எங்கே போவேன்? டாக்டர் கண்ணுக்கே வலியை மறைத்த அந்த ஆட்டக்காரன் மாதிரியே நடந்து பழகுகிறேன்.

வலித்தைலம் ஒரு புட்டி அனுப்பு. பெரியவனிடம் மூச்சு விடாதே. தம்பிக்கு வண்டி எடுக்க நேரமாயிற்று. மேஸ்திரிக்கு மட்டும் என் கண் இருந்துவிடக் கூடாதென்று வேண்டிக்கொள்.