யாங்சோமின் ஸ்லைடு

மைசூரு
ஜூலை 14

அன்பு மகள் ஜூலிக்கு,

அப்பா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை செய்வாராக. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால் வரிசை போட்டு எழுதுகிறேன்.

1. கண் ஆபரேஷன்.
2. யாங்சோமுக்கு நான் செய்தது.
3. எனக்காக நீ யாங்சோமிடம் பேச வேண்டியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையின் பொத்தான்கூடத் தெரிகிறது. நீ அனுப்பிய பணம் வீண்போகவில்லை. சொட்டு மருந்தை அம்மா நேரம் தவறாமல் விடுகிறாள்.

திபெத்திய அகதிகள் குடியிருப்பில் உள்ள பிள்ளைகள் விடுதிக்கு நான் போய்வருவது உனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு விடாமல் இருந்ததால், கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர் என்று என்னைக் கூப்பிட்டார்கள். என் பழைய மைக்ராஸ்கோப்பில் எல்லாருடைய மலத்தையும் பார்த்தேன். என் தலை தெரிந்தாலே பொடிசுகள் "கக்கா மேஷ்ட்ரு பந்த்ரு", கக்கா வாத்தியார் வந்துவிட்டார் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடும். செய்கிற வேலைக்கு ஏற்ற பெயர்தான்.

பிள்ளைகள் பலருக்கு ஜியார்டியா என்ற குடல் கிருமி இருந்தது. அது உண்மை. சமையல்காரி யாங்சோமின் ஸ்லைடிலும் அதே போன்ற முட்டை வடிவங்களைக் கண்டேன். அவள் பெயரை எழுதி வார்டனிடம் கொடுத்தேன். அவளிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவளே என்னைத் தேடி வந்தாள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை, "இன்னொந்து சல நோடி சார்", இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்டாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றேன். வேறு வேறு நாட்களில் எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னவன், இன்னொரு முறை பார்க்கவில்லை. கண் மங்கியதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அவளைச் சமையல் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மாத்திரை முடிந்த பிறகும் திரும்பச் சேர்க்கவில்லை. பிறகு ஒருநாள் அங்கே ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தில் அவள் மோமோ தட்டை நீட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வயிறு நிறைந்திருக்கிறது என்று சிரித்தபடி நகர்ந்தார்கள். நானும் எடுக்கவில்லை, ஜூலி.

ஆபரேஷனுக்குப் பிறகு புதுக் கண்ணைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில், கெடாமலிருக்கப் பார்மலினில் போட்டு வைத்திருந்த பழைய மல மாதிரிகளை எடுத்தேன். யாங்சோமுடையதில் ஜியார்டியா ஒன்றுகூட இல்லை. மொட்டுவிட்டு நின்ற ஈஸ்ட் மட்டுமே இருந்தது, மாவைப் புளிக்கவைக்கிற, தீங்கில்லாத அதே ஈஸ்ட். கண்ணை நம்பாமல் ஒரு லேபுக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் ஈஸ்ட் என்றுதான் சொன்னார்கள். திபெத்தியர்களின் புதுவருடம் முடிந்த வாரத்தில் அந்த மாதிரியை எடுத்தேன். பண்டிகைக்கு வீட்டிலேயே பார்லியைப் புளிக்கவைத்துக் குடிப்பார்கள், வடிகட்டாமல். அதிலிருந்த ஈஸ்ட்டைத்தான் நான் கிருமி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். "பூச்சியெல்லாம் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, பண்டிகைக்கு என்னம்மா குடிச்சேன்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வரலையாக்கும்" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. காரணம் சமையல்காரிதான் என்று முடிவானதும் விடுதியின் தண்ணீர்த் தொட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும்போது நிற்கிறது, மறுபடி வருகிறது. போன வாரமும் இரண்டு பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். உண்மை தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி மூன்றாவது. நீ நர்ஸ், பக்குவமாகப் பேசுவாய். உனக்குக் கன்னடமும் சரளம். யாங்சோமின் போன் எண்ணை இதோடு அனுப்பலாம் என்று எடுத்தும் வைத்தேன்.

இதுவரை எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாகப் போட்டதே தவறு. அவளிடம் சொல்ல அன்றைக்கு வார்டனை அனுப்பினேன், இன்றைக்கு உன்னை அனுப்பப் பார்க்கிறேன். எண்ணை அனுப்பவில்லை. நாளை விடிந்ததும் முதல் பஸ்ஸில் நானே புறப்படுகிறேன். முதலில் யாங்சோம் வீடு, பிறகு வார்டன், பிறகு தொட்டி.

நீ பேச வேண்டாம், மகளே. அவள் வாசலில் எனக்கு நாக்கு எழ வேண்டும் என்று மட்டும் ஜெபி.

உன் அப்பா,
கொர்னேலியஸ்