வலப்பக்கத்துப் பூ

கோயமுத்தூர்
11-2-1963, திங்கள்

கண்ணு பாலகோபாலுக்கு, பெருமாள் காவலில் நீ சுகமாக இருக்க வேண்டி அம்மா எழுதுவது.

நேற்று அன்னூர்ப் பாதையில் நம் குலதெய்வக் கோயிலில் இருந்தவர்கள்: உன் அப்பா, நான், உன் சித்தி கனகம், பெண் வீட்டார் பக்கம் உடுமலைப்பேட்டை நரசிம்மலு நாயுடு, அவர் சம்சாரம், பெண் வரலட்சுமி, பூசாரி ராசப்பன். ஆக ஏழு பேர். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் கேள்வி வரக் கூடாது என்று இதை முதலில் எழுதிவிட்டேன்.

உன் கல்யாணத்துக்குப் பூ வாக்குக் கேட்கப் போனோம். நீ பம்பாய் போய் ஆறு வருஷம், மறந்திருப்பாய். அம்மன் தோளில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என ஈரப் பூவை ஒட்டி வைப்பார்கள். வலப் பூ முதலில் விழுந்தால் சம்பந்தம் செய்யலாம். இடப் பூ விழுந்தால் விட்டுவிட வேண்டும். விழுகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காலை ஏழே காலுக்குப் பூ வைத்தார்கள். பத்தரை மணிக்கும் இரண்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. "மாப்பிள்ளை பம்பாயில இருக்கறதால ஆத்தா ட்ரங்க் கால் போட்டுக் கேட்டுட்டு இருக்கறாளாட்டம் இருக்குது" என்றாள் உன் சித்தி. பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்கு நரசிம்மலு நாயுடு எழுந்து, "ஏனுங்க, பன்னெண்டு வரைக்கும் பாப்போமுங்க. உழுகலைன்னா ஆத்தா வேண்டாம்னு சொல்லிப்போட்டான்னு எடுத்துக்கலாமுங்க" என்றார். உன் அப்பாவும் சரி என்றுவிட்டார்.

எனக்கு உன் கார்த்திகை மாதக் கடிதம் நினைவுக்கு வந்தது. உங்கள் கணக்குப் போடும் எந்திரத்தில் ஒரு வேலையைக் கொடுத்து அது நின்றால், நின்றது என்று தெரியும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், இன்னும் கொஞ்சத்தில் நிற்குமா, என்றைக்குமே நிற்காதா என்று எல்லா வேலைகளுக்கும் சொல்லக்கூடிய முறை கிடையாது, அது நிரூபணமான சங்கதி என்று எழுதியிருந்தாய். நான் மூன்றாம் வகுப்போடு சரி. மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாலு நாள் எழுதி எழுதிப் பார்த்தேன். கடைசியில் உன் சித்தியை வைத்துத்தான் புரிந்தது. இப்போது கிளம்பிவிடுவாள் என்று அவள் காதுபடச் சொன்னால் உட்கார்ந்துகொள்வாள். கிளம்பமாட்டாள் என்றால் எழுந்து போய்விடுவாள். எல்லாவற்றுக்கும் ஆருடம் சொல்லும் முறை ஒன்று இருக்குமானால், நான் நிற்பேனா மாட்டேனா என்று அந்த முறையிடமே கேட்டு, அது சொல்வதற்கு நேர்மாறாக நடக்கிற வேலை ஒன்றையும் எழுதிவிடலாம். அங்கே அந்த ஆருடம் எதைச் சொன்னாலும் பொய்யாகும். ஆகவே அப்படி ஒரு முறையே இருக்க முடியாது. சரிதானே?

இன்னும் விழவில்லை என்பதை வைத்து இனி விழாது என்று எப்படிச் சொல்வது? அங்கே இருந்த ஏழு பேரில் இதை நினைத்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான். சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் பொம்பளைக்கு என்ன பேச்சு என்பார்களோ என்று கூச்சம். அந்தச் சம்பந்தத்தின் மேல் ஆசை வேறு. பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கையில், விளக்குத் திரியைத் தூண்டுகிற சாக்கில் அம்மன் பக்கத்தில் போய், முந்தானையை உதறிச் செருகினேன். வலப்பக்கம் பார்த்துத்தான் உதறினேன், கண்ணு. பூ விழுந்தது. ராசப்பன் மணி அடித்தார். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முப்பது வருஷமாகச் சனிக்கிழமை விரதம் தவறாதவள், அம்மன் பேசவேண்டிய இடத்தில் நான் பேசிவிட்டேன். நேற்றிலிருந்து கைவலி என்று சொல்லி உன் அப்பாவைத்தான் சாமி விளக்கை ஏற்றச் சொல்கிறேன். அதுவும் பொய்.

வரலட்சுமி பார்த்துவிட்டாள். கிணற்றடியில் கை கழுவும்போது, "ஏனுங்க அத்தை, இன்னைக்குக் காத்தே இல்லீங்களே" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். பி.எஸ்ஸி. முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதாம். கல்யாணம் என்றால் படிப்பை நிறுத்திவிடுவார்களே என்று, வலப் பூ விழக் கூடாது என வேண்டிக்கொண்டே நின்றாளாம். யாரிடமும் சொல்லமாட்டேனுங்க என்று என் கையில் குங்குமத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்கும் போட்டோ அனுப்பியதோடு சரி, நீ என்ன நினைக்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை.

22ஆம் தேதி வெள்ளிக்கிழமை முகூர்த்தம் குறிக்க வருகிறார்கள். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் செய்ததைச் சொல்லிவிட நினைக்கிறேன். உன் அப்பாவுக்கு அப்புறம் வெளியில் தலைகாட்ட முடியுமோ என்னவோ. சம்பந்தமும் முறியலாம். அது உன் வாழ்க்கை என்பதால், இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன். உனக்கு அவளைப் பிடித்திருக்கிறதா, அவள் படிப்பு முடியும்வரை பொறுப்பாயா, அம்மா சொல்லிவிடட்டுமா என்று மூன்றையும் எழுது. கவர் மேல் என் பெயரைப் போடு, இல்லாவிட்டால் அப்பா பிரித்துவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு. உன் புத்தியை அம்மன் நேராகவே வைத்திருக்கட்டும், என்னுடையது உனக்கு வர வேண்டாம். 22ஆம் தேதிக்கு முன் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா
ரங்கநாயகி